யார் யாரை வைத்துப் பார்த்தது?

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, கோலாலம்பூர் பக்கம் ஷா ஆலாமில் இருக்கும் பெரியம்மா மகன் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு படம் போட்டார். மாமா வெள்ளை வேட்டியில், இடது கையை வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கும் பழைய படம். கீழே இப்படி எழுதியிருந்தார்: "கை ஊனத்தோடு பிறந்த எங்கள் தாய்மாமனைக் கடைசிவரை வைத்துப் பார்த்த குடும்பம் இது. பெருமையாக இருக்கிறது." உடனே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. பத்து நிமிடத்தில் அவரே இன்னொன்றையும் அனுப்பினார். நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். மார்கரெட் மீட் என்ற மானுடவியலாளரிடம் ஒரு மாணவர், நாகரிகத்தின் முதல் அடையாளம் எது என்று கேட்டாராம். மண்பானை, தூண்டில் முள், அரைக்கும் கல் என்று ஏதாவது வரும் என்று பார்த்தால், அந்த அம்மா "உடைந்து மறுபடி கூடிய தொடையெலும்பு" என்றாராம். காட்டில் கால் உடைந்த மிருகம் பிழைக்காது, யாராவது கூட இருந்து பார்த்தால்தான் எலும்பு கூடும், ஆகவே... மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கும்பிடும் கை போடவில்லை. "என்னடி, எல்லாரும் போடுறாங்க, நீ ஒண்ணும் போடலையா?" என்று அம்மா கேட்டார். தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. 'வைத்துப் பார்த்த' என்ற அந்த இரண்டு சொற்கள் தொண்டையில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தன. யோசித்துப் பாருங்கள், நாம் யாரையெல்லாம் 'வைத்துப் பார்க்கிறோம்'? நோயாளியை, படுத்த படுக்கையானவரை, நாதியற்றவரை. வைக்கப்பட்டவர் வைத்த இடத்தில் இருப்பார். பார்ப்பவர்தான் எல்லாம் செய்வார். நான் கண்ட மாமா வைத்த இடத்தில் இருந்தவரே இல்லை.

ஒரு வருஷமாக இதை எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அண்ணனோடு சண்டை பிடிக்கிற மாதிரி ஆகிவிடக்கூடாது என்பது ஒரு காரணம். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்பது இன்னொரு காரணம். அதுதான் பெரிய தொல்லை.

முதலில் அந்தத் தொடையெலும்புக் கதையை முடித்துவிடுகிறேன். மீட் 1978-ல் இறந்துபோனார். அவர் எழுதியவற்றில் இந்தப் பதில் அகப்படவில்லை. அச்சில் இது தென்படுவது 1980-ல், பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் எழுதிய நூலில். மீட்டின் பேச்சு ஒன்றில் கேட்டதாக அவர் எழுதியிருக்கிறார். இந்த பிராண்ட் யார் என்று தேடியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். எங்கள் தாத்தா மலாயாவுக்குக் கப்பலேறப் புறப்பட்டதும் அந்த மலை தெரிகிற ஒரு ஊரிலிருந்துதான். வேலூர் மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி வைத்து நிமிர்த்திய மனிதர் அவர். கை நிமிர்ந்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழில் வேண்டும் என்று தச்சு வேலை கற்றுக்கொடுக்கவும் அங்கே ஏற்பாடு செய்தார். வாட்சப்பில் சுற்றுவது அவர் சொன்ன எலும்புக் கதை. அவர் செய்த கைவேலையை யாரும் அனுப்பி நான் பார்த்ததில்லை. இன்னொன்று, காட்டில் குரங்குகளுக்கும் உடைந்த எலும்பு கூடத்தான் செய்கிறது. கூடின எலும்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிவிட முடியாது.

மொண்ணைக்கை

மாமா 1950-ல், செபராங் பிறையின் தெற்குப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இடது கையில் கட்டைவிரல் சரியாக இருக்கும். மற்ற நாலும் பாதி தூரம் வந்து நின்றுபோனவை. முன்கையும் வலதைவிடச் சூம்பியிருக்கும். தோட்டத்தில் பட்டப்பெயர் வைப்பதற்கு யாரும் ரொம்ப யோசிக்க மாட்டார்கள். மொண்ணைக்கை என்றார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார்.

பால்மரம் வெட்ட இரண்டு கையும் வேண்டும். உளி பட்டையில் ஆழமாக இறங்கினால் மரம் காயம்படும், மேலோடு போனால் பால் இறங்காது. அந்த நூலிழைக் கணக்கை இரண்டு கையும் சேர்ந்துதான் பிடிக்க முடியும். மாமாவுக்கு நிரை, அதாவது வெட்டுவதற்கென்று ஒரு வரிசை மரம், கொடுக்கவில்லை. விடிவதற்கு முன்னால் பெரட்டில், வேலையாட்களை வரிசையில் நிறுத்தி மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடும்போது, அவர் பெயர் வராது. பெரட்டில் பெயர் இல்லையென்றால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லை. செக்ரோலில் இல்லாதவன் தோட்டத்துக் கணக்கில் ஆளே இல்லை. அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது அவரும் கூடவே வந்துவிட்டார். "சீர்வரிசையோட தம்பியும் வந்துட்டான்" என்று அப்பா வீட்டுப் பக்கம் கிண்டல் செய்வார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எவ தருவா கைய, இந்தக் கைக்கு?" என்று சிரிப்பார். இப்படித்தான் கதை உருவானது: பாவம் ஊனம், வேலையில்லை, அக்கா வீட்டோடு இருந்தான், நாங்கள் விடவில்லை.

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் கணக்கெழுதும் வேலை பார்ப்பவள், பட்டர்வொர்த்தில் ஒரு அலுவலகத்தில். வரவையும் செலவையும் தப்பான பக்கத்தில் போட்டால் எனக்கு உடனே தெரியும் என்று ஒரு நினைப்பு. வீட்டுக் கணக்கில் அது தெரிய எனக்கு முப்பத்தெட்டு வயதானது.

லெங்கோங்

2014-ல் என் மகன் நாலாம் ஆண்டு. வரலாற்றுப் பாடத்தில் வரலாற்றுக்கு முந்தைய காலம் வந்தது. தீபாவளி விடுமுறையில் அவனை லெங்கோங்குக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். மாமா சும்மா வண்டியில் ஏறிக்கொண்டார். ஆற்று மீன் பெக்காசாம் (உப்புப் போட்டுப் புளிக்க வைத்த மீன்) அங்கே நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அவருக்கு அதுதான் குறி. குவாலா கங்சாரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி கிரிக் போகும் சாலையில் போனால் பேராக் ஆறு பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கும். சுண்ணாம்புப் பாறை மலைகள் திடீர் திடீரென்று தலை தூக்கும்.

லெங்கோங் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோத்தா தம்பானில் கல்லாயுதம் செய்த பட்டறையே கிடைத்திருக்கிறது: அடிக்கும் கல், வைத்து அடித்த கல், தெறித்த சில்லு எல்லாம் வேலையை விட்டுவிட்டு எழுந்துபோன மாதிரி. எழுந்து போகத்தான் செய்தார்கள் என்கிறது ஒரு விளக்கம். சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது கொட்டிய சாம்பல் அங்கே கிடக்கிறது. அதே சாம்பல் ஆந்திராவில் ஜ்வாலாபுரம் வரைக்கும் போய் விழுந்திருக்கிறது. மகனுக்கு எரிமலை போதும், வேறெதுவும் வேண்டாம். அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

நானும் மாமாவும் பேராக் மனிதனிடம் போனோம். 1991-ல் சுராய்னா மஜிட் தலைமையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் குவா குனோங் ருந்தோ குகையில் தோண்டி எடுத்த எலும்புக்கூடு. பத்தாயிரம், பதினோராயிரம் வருஷத்துப் பழையது. நம் பினாங்கு பல்கலைக்கழகம்தான், அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. முழங்காலை மடக்கி, தாய் வயிற்றில் கிடக்கிற மாதிரி சுருட்டிப் புதைத்திருந்தார்கள். கூடவே கல்லாயுதங்கள், விலங்குகளின் இறைச்சி, ஆயிரக்கணக்கில் ஆற்று நத்தை ஓடுகள். நாற்பதைத் தாண்டிய ஆள். இடது கை விரல்களின் நடு எலும்புகள் குட்டை, பிறவியிலேயே வந்த குறை. அந்தப் பக்கத்துக் கையும் வலதைவிடச் சிறியது.

இதெல்லாம் எனக்கு முன்னமே தெரியும், பாடப்புத்தகத்தில் படித்தேன். ஆனால் மாமாவோடு நான் இதை ஒரு நொடிகூடச் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. எவ்வளவு மண்டு என்று இப்போது தோன்றுகிறது. மகன்தான் ஓடி வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமாகச் சொன்னான்: "தாத்தா, இவருக்கும் ஒங்கள மாதிரியே கை!"

எனக்கு முகம் சுண்டிப்போனது. அங்கே ஒரு பள்ளிக்கூடப் பஸ் பிள்ளைகள் வேறு நின்றிருந்தார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக, முதுகுக்குப் பின்னால் இருந்த இடது கையை முன்னால் கொண்டுவந்தார். கண்ணாடியில், அந்த எலும்புக் கைக்கு நேராக வைத்தார். வெளியிடத்தில் அவர் அந்தக் கையை அப்படி எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், சந்தையில் எடைத்தட்டைப் பார்க்கிற மாதிரி.

"எத்தன வயசு வரைக்கும் இருந்தான்?"

"நாப்பதுக்கு மேல மாமா. அந்தக் காலத்துக்கு அது பெரிய வயசு. இந்தக் கைய வச்சிக்கிட்டு வேட்டைக்குப் போயிருக்க முடியாதுல்ல? கூட இருந்தவங்க பாத்துக்கிட்டாங்க. அதான் அத்தன நாள் உசிரோட இருந்திருக்காரு."

"யாரு சொன்னா?"

"ஆராய்ச்சி பண்றவங்க அப்படித்தான் மாமா நினைக்கிறாங்க."

"ம்." கண்ணாடிக்குள் வேறு எதையோ பார்த்தார். நத்தையைத்தான் எங்கள் பேச்சில் சிப்புட்டு என்போம். "அது என்ன, சிப்புட்டா?"

"ஆத்துச் சிப்புட்டு. ஆயிரக்கணக்குல கூடப் போட்டுப் பொதச்சிருக்காங்க."

"இதப் பொறுக்க எத்தன கை வேணும் பாப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "ஒண்ணு போதும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெக்காசாம் வாங்கினோம், வழியில் ஒரு கடையில் நிறுத்தித் தே ஓ குடித்தோம். ராபான் ஏரிப் பாலத்தைத் தாண்டும்போது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பேசினார்: "செத்தவனுக்கு அவன் ஆசையாத் தின்னதத்தான் வைப்பாங்க. ஆத்துல எறங்கி அவன் பொறுக்குன சாமானத்தான் வச்சிருப்பானுங்க." பின்சீட்டில் மகன் தூங்கிவிட்டிருந்தான்.

பெயர் வராத கணக்கு

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு 1985 முழுதாக ஞாபகம் வந்துவிட்டது. ரப்பர் விலை விழுந்த வருஷம். அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்து நாலு மாதம் படுக்கை (ஆமாம், அவர் எலும்பும் கூடியது). எனக்கு ஒன்பது வயது, தம்பிகள் இரண்டு பேர், கடைசித் தம்பி கைக்குழந்தை. அந்த நாலு மாதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்: "சோத்துக்கே வழியில்ல, அந்த நெலமையிலயும் தம்பிய நாங்க விடலியே." சரி, சோற்றுக்கு வழியில்லை என்றால் நாங்கள் என்ன சாப்பிட்டோம்? இதை நான் அதுவரை கேட்டதே இல்லை.

கிராங் சாப்பிட்டோம், கடலோரச் சேற்றில் கிடைக்கும் சிப்பி. மாமா விடியற்காலையில் சைக்கிளில் புக்கிட் தம்பூன் பக்கம் போய்விடுவார். தண்ணீர் இறங்குகிற நேரம் அவருக்கு மனப்பாடம். நிலாவைப் பார்த்துச் சொல்வார், நாளைக்கு எத்தனை மணிக்குச் சேறு தெரியும் என்று. ஒரு பலகையில் ஒற்றை முழங்காலை ஊன்றி, மறுகாலால் சேற்றைத் தள்ளி வழுக்கிக்கொண்டே போக வேண்டும். நடந்தால் இடுப்பு வரை இறங்கிவிடும். கை சேற்றுக்குள் தடவிக்கொண்டே போகும். அந்த வேலைக்கு ஒரு கை போதும். இன்னொரு கை இருந்தாலும் பலகையைப் பிடிக்கத்தான் வேண்டும், அதற்குப் பாதி விரல் தாராளம். பாதியைப் படகுத்துறையில் ஒரு சீனத் தவ்க்கேயிடம் எடைக்குப் போடுவார், பாதி வீட்டுக்கு வரும். அந்தக் காசில்தான் அரிசி வந்தது, தம்பிக்கு மாவுப்பால் வந்தது. இரண்டு மாடும் வைத்திருந்தார். அதன் பாலை லயத்தில் ஊற்றிவிட்டு மிச்சத்தை எங்களுக்குக் கொடுப்பார். கிராங்கைத் திறப்பதில்தான் அவர் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க வேண்டும். ஓட்டின் பின்பக்கக் கீலில் இருபது காசு நாணயத்தை வைத்து ஒரு திருகு, வாய் பிளந்துவிடும். மற்றவர்களுக்கு ஓடு வழுக்கும். அவருடைய குட்டை விரல்களுக்கு நடுவில் அது இடுக்கியில் மாட்டின மாதிரி கச்சிதமாக உட்காரும். நாங்கள் ஒன்று திறப்பதற்குள் அவர் ஐந்து திறப்பார்.

இது எப்படி யாருக்கும் கணக்கில் வராமல் போனது? எனக்குத் தெரிந்த ஒரே பதில் செக்ரோல்தான். அப்பாவின் சம்பளத்துக்குத் துண்டுச் சீட்டு உண்டு. மாமாவின் கிராங்குக்குச் சீட்டு இல்லை. தோட்டம் எதை வேலை என்று எழுதியதோ அதையே நாங்களும் வேலை என்று எடுத்துக்கொண்டோம். அப்புறம் படிக்கப் படிக்கத் தெரிந்தது, ஆதிமனிதர்களின் கணக்கையும் வெகுகாலம் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். 1966-ல் சிகாகோவில் வேட்டைச் சமூகங்களைப் பற்றி ஒரு பெரிய மாநாடு கூடியது. அதன் பெயரே 'வேட்டைக்கார மனிதன்'. அதே மாநாட்டில் ரிச்சர்ட் லீ என்பவர் கலஹாரிப் பாலைவனத்துக் குங் மக்களிடம் நிறுத்துப் பார்த்த கணக்கை எடுத்து வைத்தார். சாப்பாட்டில் பெரும்பகுதி வேட்டையில் வந்ததல்ல, பொறுக்கி, பறித்து, தோண்டிக் கொண்டுவந்தது. கொட்டை, கிழங்கு, பழம். கொண்டுவந்தவர்களில் பெண்களே அதிகம். வேட்டை வருகிற நாளில் கூத்தும் கதையும் உண்டு, சரிதான். அடுப்பு எரிந்தது மற்ற நாட்களிலும்தான்.

எங்கள் பக்கத்திலேயே குவார் கெப்பா இருக்கிறது, மூடா ஆற்றுக்குப் பக்கத்தில். பெயரிலேயே கெப்பா, சிப்பி. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் இன்றைவிட உயர்ந்து நின்ற காலத்தில், கரையோரத்து மக்கள் தின்றுபோட்ட சிப்பி ஓடுகள் மேடுமேடாகக் குவிந்த இடம். பிற்காலத்தில் சுண்ணாம்பு சுடுகிறவர்கள் அள்ளிக்கொண்டே போய் மேட்டைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். 1934-ல் தோண்டியபோது கிடைத்த எலும்புகள் நெதர்லாந்துக்குப் போயின. 2017-ல் மறுபடி ஒரு பெண்ணின் எலும்புக்கூடு அகப்பட்டது, 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்தார்கள். இந்த எலும்புகளை வைத்துக்கொண்டு இங்கே யார் முதலில் வந்தவர், யார் பிறகு வந்தவர் என்று அடித்துக்கொள்கிற கூட்டத்துக்கு என்னை இழுக்காதீர்கள். எனக்கு அந்த மேடு வேறொன்றாகத் தெரிகிறது. ஒரு மலையளவு ஓடு. ஒவ்வொன்றையும் யாரோ குனிந்து பொறுக்கியிருக்கிறார்கள். குழந்தை, கிழவி, பிள்ளைத்தாய்ச்சி, கால் தாங்கி நடப்பவன், மொண்ணைக்கை.

கேத்தரின் டெட்வைலர் என்ற மானுடவியலாளர் 1991-லேயே இதைக் கொஞ்சம் காரமாகக் கேட்டிருக்கிறார். ஈராக்கின் ஷனிதார் குகையில் கிடைத்த ஒரு நியண்டர்தால் மனிதர் அந்தத் துறையில் பிரபலம். வலது கை சூம்பிப்போய், ஒரு கண் பார்வை போய், அப்படியும் நாற்பது வயது வரை வாழ்ந்தவர். அவர் வாழ்ந்ததே கூட்டத்தின் இரக்கத்துக்குச் சாட்சி என்று எழுதிவந்தார்கள். டெட்வைலர் கேட்டது இதுதான்: ஊனமுள்ளவர் என்றால் எதற்கும் உதவாதவர் என்று எந்த எலும்பில் எழுதியிருக்கிறது? ஊனமில்லாத எல்லாரும் எப்போதும் தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொண்டார்களா என்ன? கைக்குழந்தைக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஊட்டாத கூட்டம் எங்கே இருந்தது? படித்தபோது எனக்கு மாமாவின் குரலில்தான் கேட்டது. யாரு சொன்னா?

மறுபக்கம்

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதி. குழுவில் போய் அண்ணனுக்கு நாலு வரி பதில் எழுதிவிட்டு வந்திருப்பேன்: மாமாவை நாம் பார்க்கவில்லை, மாமாதான் நம்மைப் பார்த்தார். எழுதி அழித்தேன், இரண்டு தடவை.

ஏனென்றால் கடைசி நாலு வருஷம் இருக்கிறது. மாமாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நல்ல கை போய், மொண்ணைக்கை மட்டும் மிச்சம். பேச்சும் குழறிவிட்டது. அம்மாவும் நானும் மாற்றி மாற்றித் துடைத்தோம், புரட்டிப் போட்டோம், கஞ்சியை அரைத்து ஊட்டினோம், படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைத்தோம். சில இரவு அவர் அலறும்போது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எழாமல் கிடந்திருக்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நாலு வருஷம் அவர் எங்களுக்கு ஒரு கிராங்கும் கொண்டுவரவில்லை. அப்படியானால் என் கணக்கு என்ன ஆகிறது? 1985-க்குப் பதிலாக 2020 என்று கழித்துக்கொள்வதா? அவர் சேற்றில் இறங்கவே முடியாத ஆளாகப் பிறந்திருந்தால், பிறந்த நாளிலிருந்தே படுக்கையில் கிடந்திருந்தால், அவருக்குக் கஞ்சி கிடையாதா? உபயோகமாக இருந்தார், உபயோகமாக இருந்தார் என்று நான் அடித்துச் சொல்லச் சொல்ல, அதுவும் மண்டோர் பெயர் கூப்பிடுகிற வேலையாகவே ஆகிவிடுகிறது. என் பெரட்டில் இப்போது மாமாவின் பெயரைச் சேர்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இன்னும் யாரோ வெளியே நிற்கிறார்கள்.

வடக்கு வியட்நாமில் மான் பாக் என்ற இடத்தில், சுமார் நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் இறந்த ஒரு இளைஞனின் எலும்புகள் 2007-ல் கிடைத்தன. கழுத்தெலும்புகள் பிறவியிலேயே ஒட்டிப்போனவை. பிள்ளை வயதிலேயே இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது, கையும் சரியாக வேலை செய்யவில்லை. அப்படியே பத்து வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறான். மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த கூட்டம் அது. இவனால் சிப்பிகூடப் பொறுக்கியிருக்க முடியாது. லோர்னா டில்லி என்ற ஆய்வாளர் இவனை வைத்தே, பராமரிப்பை எலும்பிலிருந்து படிப்பதற்கு ஒரு முறையை உண்டாக்கினார். குளிப்பாட்டியது யார், புரட்டிப் படுக்க வைத்தது எத்தனை தடவை என்ற அளவுக்கு யோசிக்க வேண்டும் என்கிறார். அவன் மனவுறுதி உள்ளவனாக இருந்திருப்பான் என்றுகூட ஊகிக்கிறார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். படுத்திருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. மாமா கடைசி வருஷம் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார், குழறலிலும் கெட்ட வார்த்தை மட்டும் தெளிவாக வரும்.

இன்னொரு எலும்பும் அடிக்கடி நினைவுக்கு வரும். போர்னியோ தீவின் கிழக்குக் கலிமந்தானில் லியாங் தெபோ என்ற குகையில் கிடைத்தது, 2022-ல் வெளியானது. முப்பத்தோராயிரம் வருஷத்துப் பழையது. அப்போது கடல் வெகுவாக இறங்கி, போர்னியோவும் நம் தீபகற்பமும் ஒரே நிலமாகக் கிடந்தன. பினாங்கு என்று ஒரு தீவே இல்லை, சமவெளியில் ஒரு குன்று. ஒரு பிள்ளையின் இடது காலைக் கணுக்காலுக்கு மேலே யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். ரத்தத்தை நிறுத்தி, சீழ் பிடிக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஆறிலிருந்து ஒன்பது வருஷம் வரை, கரடுமுரடான மலைக்காட்டில், ஒற்றைக் காலோடு வாழ்ந்திருக்கிறது. காலை வெட்டிய வைத்தியத்தைப் பற்றித்தான் செய்திகள் எல்லாம் வியந்தன. அந்த ஆறு வருஷமும் அந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். யாருடைய குழந்தையைத் தூங்க வைத்தது, யார் தலையில் பேன் பார்த்தது, யாரிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்தது.

கிளந்தான் காட்டில் வாழும் பாத்தேக் பழங்குடி மக்களோடு 1970-களில் தங்கியிருந்த எண்டிகாட் தம்பதி ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். காட்டிலிருந்து வந்த உணவை முகாமில் எல்லாருக்கும் பங்கு வைப்பார்கள். பங்கு வாங்குகிறவரிடம் அதே உணவு ஏற்கனவே இருந்தாலும் கொடுப்பார்களாம். இதைப் படித்தபோது எங்கள் லயத்துத் தீபாவளிதான் கண்ணில் வந்தது. ஒரே கடையில் வாங்கிய அதே மாவில் சுட்ட அதே முறுக்கு, எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்கேயிருந்து அதே தட்டில் அதே முறுக்கு திரும்பி வரும். கணக்கெழுதுகிறவள் பார்வையில் இது வரவும் இல்லை, செலவும் இல்லை, வெட்டி வேலை. ஆனால் ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கோபத்தில் தட்டு அனுப்பாமல் விட்டபோது அம்மா அன்று முழுக்கச் சமையல்கட்டில் அழுதார்.

போன வாரம் மாமாவுக்கு முதல் வருஷத் தெவசம். ஷா ஆலாம் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். இலையில் கோழிக்கறி, முட்டை, வடை, ஒரு போத்தல் ஸ்டௌட், அவர் பிடிக்கும் மார்க்கில் ஒரு பெட்டி சிகரெட். அம்மா தரையில் ஒரு பேசினை வைத்துக்கொண்டு இருபது காசு நாணயத்தால் கிராங் திறந்துகொண்டிருந்தார்.

"கிராங் எதுக்கு சின்னம்மா? இப்ப இது யான வெல விக்கிது," என்றார் அண்ணன்.

"தெரியுதுல்ல வெல? அவன் நடமாடுன வரைக்கும் நான் ஒரு தடவகூட இதக் காசு குடுத்து வாங்குனதில்ல."

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கீழே உட்கார்ந்து, ஒன்றை எடுத்துத் திருகிப் பார்த்தார். வழுக்கியது. அம்மாவுக்கும் நாணயம் நழுவி விரலில் கீறிவிட்டது. விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே அம்மா சொன்னார்: "வெரலு நீளமா இருந்தா இது சரிப்படாதுடா."